முதல் நட்சத்திரங்களை யாருமே பார்த்ததில்லை. அவை எப்படி இருந்தன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அவை விட்டுப்போன சாம்பலை வைத்துத்தான்.

பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவே. கார்பன், கால்சியம், இரும்பு எல்லாம் பிற்பாடு நட்சத்திரங்களால் உண்டானவை. முதல் தலைமுறையில் பெரும்பாலானவை சூரியனைவிடப் பல மடங்கு பெரியவை. சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிட்டன. அவை வெடித்துச் சிதறிய மிச்சம் கலந்த வாயுவில் அடுத்துப் பிறந்தவற்றில், சூரியனைவிடச் சற்றுச் சிறியவை இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. பிறந்தபோது இருந்த வாயு அவற்றின் மேற்பரப்பில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒளியை வானவில்போல நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கென்று பதிக்கும் கோடுகளை வைத்து எது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கி வழியாகக் கிடைத்து 2014-ல் அறிவிக்கப்பட்ட எஸ்எம்எஸ்எஸ் ஜே0313-6708 என்ற நட்சத்திரம். அதன் நிறமாலையில் இரும்பின் கோடே இல்லை. சூரியனில் உள்ளதில் ஒரு கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் கார்பன் தாராளமாக இருக்கிறது, கால்சியமும் கொஞ்சம் உண்டு. அப்போ இரும்பு எங்கே போனது? வெடிக்கும் நட்சத்திரத்தில் இரும்பு நடுப்பகுதியில்தான் இருக்கும். வெடிப்பு வலுவில்லாமல் போனால் அது வெளியே வராமல் திரும்ப உள்ளே விழுந்து கருந்துளைக்குள் போய்விடும். வெளி அடுக்கிலிருந்த கார்பன் மட்டும் தப்பிக்கும். சூரியனைப்போல் சுமார் 60 மடங்கு எடையுள்ள ஒரே ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் இது என்று கணக்கிட்டார்கள். முதல் நட்சத்திரங்கள் எல்லாமே பயங்கரமாக வெடித்து இரும்பை வாரி இறைத்திருக்கும் என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி.

அதற்காக எல்லாம் இதே கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2011-ல் சிம்ம ராசிப் பக்கம் கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்தில் இரும்பும் குறைவு, கார்பனும் அதிகமில்லை. முதல் தலைமுறை ஒரே அச்சில் வார்த்தது இல்லை என்றே நான் நம்புகிறேன்.

வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்த வகை ஆய்வுக்கு உதவும் நிறமாலைமானி (ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி) நம் ஜவ்வாது மலையிலேயே, காவலூரில் 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் இருக்கிறது. இப்படிப் பழைய நட்சத்திரம் ஒன்றை நீங்களே பார்க்க ஆசையா? எச்டி 122563-ஐத் தேடுங்கள். அதில் இரும்பு சூரியனில் உள்ளதில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான். அது முதல் நட்சத்திரங்களின் நேரடி வாரிசு இல்லை, பல வெடிப்புகளின் மிச்சம் கலந்தது. ஆனாலும் மிகப் பழையது. சித்திரை மாதத்தில் நள்ளிரவை ஒட்டி, சுவாதிக்குத் தெற்கே பத்து டிகிரி தள்ளி, நமக்கு ஏறக்குறைய உச்சியில் வரும். வெறும் கண்ணுக்குக் கஷ்டம். ஆலங்காயம் தாண்டி விளக்கு வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றால் சாதாரண பைனாகுலரே போதும். மொபைலில் வான்வரைபடச் செயலி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.