பாம்பின் வாயிலிருந்து வருவது

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்கள் போட்டிருந்த, மெக்சிகோவில் வாழ்ந்த அஸ்டெக் மக்களின் தாய்த்தெய்வம் கோவாட்லிக்குவேயின் படத்தைப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள், இடுப்பில் பாம்புகளைப் பின்னிய பாவாடை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் அரசமரத்தடி நாகர் கல்லைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும். இதைப் பார்த்தால் விலகி ஓடத்தான் தோன்றுகிறது. அந்த மக்கள் கல்லெல்லாம் பாம்பாகச் செதுக்கியது பயமுறுத்தத்தானா? நம் நாகத்துக்கும் அதற்கும் ஏதாவது உறவு உண்டா?

ம., கோவை

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உறவு இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. இங்கும் பாம்பு உண்டு, அங்கும் உண்டு. இரண்டு இடத்திலும் அது தோலை உரிப்பதையும் பொந்திலிருந்து வெளியே வருவதையும் மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். வியப்பு பிறக்க அது போதும். அங்கே அதிகம் செதுக்கப்பட்டது வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத பாம்பு. நல்லபாம்பைப் போல் அது படமெடுக்காது. அதனால் சிற்பியின் உளி வாலுக்கும் வாய்க்கும் போகிறது, குறிப்பாக வாய்க்கு.

சரி, பயமுறுத்தவா? பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மெக்சிகோவில் அஸ்டெக்குகளுக்கு முன்பே இருந்த தியோதிவாக்கான் நகரில் கி.பி. 200 வாக்கில் எழுந்த இறகுப்பாம்புக் கோயிலின் சுவர்களில் பாம்புத் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே நீட்டி நிற்கின்றன. அதன் அடியிலும் சுற்றிலும் தோண்டியபோது பலியிடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பலருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. இதை மறைத்துவிட்டு அந்தக் கலையைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆனால் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் யாஷ்சிலான் கல் நமக்குப் புரியவே புரியாது. அஸ்டெக்குகளுக்கு முற்பட்ட மாயர்கள் என்ற மக்களின் அந்த நகரம் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், உசுமசிந்தா ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு வாசலுக்கு மேலே கிடத்தியிருந்த உத்தரக் கல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் கீழ் வலது மூலையில் அரசி கபால் ஷோக் மண்டியிட்டிருக்கிறாள். கையில் ஒரு கிண்ணம், தரையில் இன்னொன்று. இதற்கு முந்தைய கல்லில் அவள் முள் வைத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். அந்த ரத்தம் சொட்டிய காகிதம்தான் கிண்ணங்களில் கிடக்கிறது. தரையிலுள்ள கிண்ணத்திலிருந்து ஒரு பெரும் பாம்பு சுழன்று எழுகிறது. விரிந்த அதன் வாயிலிருந்து கேடயமும் ஈட்டியுமாக ஒரு வீரன் இடுப்பளவு வெளியே வந்துவிட்டான். அவனை முன்னோர் என்றே பலரும் கருதுகிறார்கள். கல்வெட்டில் உள்ள நாள் 681ஆம் ஆண்டில் அவள் கணவன் அரியணை ஏறிய நாள்.

அவள் முகத்தைப் பாருங்கள். பயம் இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். செதுக்கிய பக்கம் தரையை நோக்கி இருந்ததால், வாசலில் நுழைகிறவரும் அண்ணாந்துதான் இதைப் பார்த்திருக்க முடியும். அரசியின் கழுத்து எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே அவர் கழுத்தும் வளைய வேண்டும். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. பாம்பின் வாய் இங்கே ஒரு கதவு. எதையோ விழுங்க அது திறக்கவில்லை; போனவர் திரும்பி வரத் திறந்திருக்கிறது.

இப்போது உங்களை உறுத்திய சிலைக்கு வருவோம். அந்த இரண்டு பாம்புகளும் வெட்டுண்ட கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம். எதிரெதிராக முட்டி நிற்பதால் இரண்டு பக்கவாட்டு முகங்களும் சேர்ந்து ஒரே முகமாகின்றன. ஆளுக்கொரு கண், நடுவில் பிளந்த நாக்கு. 1790 ஆகஸ்டில் மெக்சிகோ நகரின் பெரிய சதுக்கத்தில் வேலை நடந்தபோது இது வெளிப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள், பூர்வகுடிகள் வணங்க வந்துவிடுவார்கள் என்று அஞ்சி மறுபடி புதைத்தார்கள். 1803இல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதற்காகத் தோண்டிக் காட்டிவிட்டு, திரும்பவும் புதைத்தார்கள்.

இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தக் கல்லின் அடிப்பாகத்திலும் சிற்பம் இருக்கிறது: நிலத்தின் தெய்வமான ட்லால்டெகுட்லி. சிலையை நிறுத்திவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. அஸ்டெக்குகள் செதுக்கிய சுருண்ட விரியன்களிலும் இதே கதைதான். தரையில் பதியும் வயிற்றுச் செதில்களைக்கூட வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பயமுறுத்த நினைக்கிறவன் யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு பாடுபடுவானா? அது மண்ணுக்குக் காட்டச் செதுக்கியது என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம், நிறம். நாம் பார்ப்பது சாயம் போன கல்லை. 2022 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மெக்சிகோ நகரில் பழைய சட்டப்பள்ளிக் கட்டடத்தின் அடியில் அஸ்டெக்குகள் கல்லில் செதுக்கிய, 1.8 மீட்டர் நீளமுள்ள ஒரு பாம்புத் தலை தென்பட்டது. காவி, சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை எல்லாம் அதில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஈரம் சட்டென்று காய்ந்தால் நிறம் உதிர்ந்துவிடும் என்று அதைச் சுற்றி ஒரு அறையே கட்டி மெல்ல உலர்த்தினார்கள். அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். கோவாட்லிக்குவேயை அந்த நிறங்களோடு ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் விலகி ஓடத்தான் தோன்றுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.