பாஸ்வேர்டைத் தராதவரிடம் மெஷின் வாங்காதீர்கள்

இந்த வாரம் எடுத்த கடிதங்கள் எல்லாம் ஒரே சாமானைப் பற்றியவை: சின்னப் பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் போட்டிருக்கும் சிஎன்சி பிளாஸ்மா டேபிள். வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் டார்ச் என்ற வெட்டும் முனை தானாக நகர்ந்து, ஆர்க் என்ற மின்பொறியின் சூட்டில் இரும்புத் தகட்டை வெட்டும். மேசையையும் மோட்டாரையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், அதை ஓட்டும் சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். 4க்கு 4 அடி டேபிள். நேர்கோட்டில் நன்றாக வெட்டுகிறது. மூலை வந்தால் டார்ச் இறங்கித் தகட்டில் இடிக்கிறது. விற்றவர், “சாஃப்ட்வேர் பழசு, புதுசு போட 38,000 ரூபாய்” என்கிறார். கொடுக்கலாமா? (ஈரோடு)

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உங்கள் டேபிளில் டிஹெச்சி என்று ஒன்று இருக்கிறது, டார்ச்சின் உயரத்தைப் பார்த்துக்கொள்வது. அதற்குக் கண் கிடையாது. ஆர்க்கின் வோல்டேஜைத்தான் பார்க்கிறது. டார்ச் தகட்டைவிட்டு உயர்ந்தால் வோல்டேஜ் கூடும், நெருங்கினால் குறையும். மூலையில் திரும்ப மெஷின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததும் வெட்டின் அகலம் கூடிவிடும். ஆர்க் இரும்பைத் தொட இன்னும் நீள வேண்டியிருப்பதால் வோல்டேஜ் ஏறுகிறது. “டார்ச் மேலே போய்விட்டது” என்று டிஹெச்சி தப்புக் கணக்குப் போட்டுக் கீழே இழுக்கிறது. டார்ச்சின் நுனியான நாசில் இடிப்பது இதனால்தான்.

சோதித்துப் பாருங்கள். வளையாத ஒரு தகட்டை எடுத்து, டிஹெச்சியை அணைத்துவிட்டு அதே ஜாபை வெட்டுங்கள். மூலையில் இடிக்கவில்லை என்றால் குறை செட்டிங்கில் இருக்கிறது. வேகம் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால் உயரத்தைத் தொடாதே என்று சொல்லும் செட்டிங்குக்குப் பெரும்பாலும் ‘ஆன்டி-டைவ்’ என்று பெயர் இருக்கும். 90 சதவீதத்தில் வைத்து ஆரம்பியுங்கள். அப்படியே ஆக்சிலரேஷனையும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் மெஷின் மூலைக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பிய பிறகும் மெதுவாகவே ஏறும். மோட்டார் ஸ்டெப் விடாத, அதாவது சொன்ன நகர்வைத் தவறவிடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உங்கள் சாஃப்ட்வேரில் இந்த வசதியே இல்லை என்று தெரிந்தால் அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் 38,000 தேவைப்படாது, கீழே சொல்கிறேன்.

கேள்வி: டேபிளை ஓட்ட மாக்-3 என்ற சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன். சின்ன டிசைன் ஓடுகிறது. பெரிய டிசைன் பாதியில் நின்றுவிடுகிறது. சாஃப்ட்வேர் கெட்டுவிட்டதா? (சிவகாசி)

பதில்: கெடவில்லை. அது டெமோ, மெஷினுக்கான கட்டளை 500 வரிக்கு மேல் ஓடாது. லைசென்ஸ் வாங்குங்கள்.

கேள்வி: நகையை அடகு வைத்து 3,20,000 ரூபாய்க்கு டேபிள் வாங்கினேன். நானும் என் தம்பியும் மட்டும்தான் வேலை. எட்டாவது மாதம் பெல்ட்டும் புல்லியும் தேய்ந்து வேறு மாற்றினோம். அதிலிருந்து 100 மி.மீ. கொடுத்தால் 98 மி.மீ. தான் வெட்டுகிறது. செட்டிங் பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. விற்றவர் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டாராம். ஆள் அனுப்பி மாற்ற ஒவ்வொரு தடவையும் 6,000 ரூபாயாம். (வேலூர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். புல்லி மாறியதால் ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு எத்தனை பல்ஸ் (மின் துடிப்பு) என்ற கணக்கு மாறிவிட்டது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். உதாரணத்துக்கு அங்கே 160 என்று இருந்தால், 160 × 100 ÷ 98 = 163.27. அதை அடித்துச் சேமித்தால் முடிந்தது. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள்.

இதைப் பற்றி நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். மெஷினை விற்றுப் பணம் வாங்கிய பிறகு அதன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது வியாபாரம் அல்ல. பூட்டைத் திறக்கத் தெரியாதவர்களிடம் ஆயுள் முழுக்க வசூல் செய்யும் ஏற்பாடு. வீடு கட்டிக் கொடுத்தவர் சாவியைத் தராமல் கதவைத் திறக்கக் கூலி கேட்டால் நாம் விடுவோமா? “கஸ்டமர் தெரியாமல் மாற்றிக் கெடுத்துவிடுவார்” என்று இவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு வழி, சரியான செட்டிங்கை ஒரு பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுப்பது. கெட்டுப்போனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மாக்-3 என்றால் அந்தச் செட்டிங் முழுக்க ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு சாஃப்ட்வேர் என்றால் கான்ஃபிக்ஸ் என்ற ஃபோல்டரில் ஐஎன்ஐ, ஹெச்ஏஎல் என்ற ஃபைல்கள், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். காப்பி எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. இதைத் தராதவர் எதையோ மறைக்கிறார். பல இடங்களில் மறைப்பது என்ன தெரியுமா? போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரே திருட்டுக் காப்பியாக இருக்கும். மாக்-3 லைசென்ஸ் 175 டாலர். அதை மிச்சம் பிடிக்க உடைத்த காப்பியைப் போட்டுவிட்டு, பில்லில் ‘சாஃப்ட்வேர் உட்பட’ என்று எழுதி உங்களிடம் அதற்கும் காசு வாங்கியிருப்பார்கள். அதனால் பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்: சாஃப்ட்வேரின் பெயர், உங்கள் பெயரில் லைசென்ஸ், பாஸ்வேர்டுடன் செட்டிங் காப்பி.

இனி உங்கள் வழக்கு. பாஸ்வேர்டைக் கேட்டு விற்றவருக்கு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று விற்றவர் சொல்வார். பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரை நுகர்வோராகவே பார்க்கிறது. நீங்களும் தம்பியும் கையால் உழைப்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பழைய புல்லி, 98 மி.மீ. வெட்டிய துண்டு, 6,000 கேட்ட வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். விடமாட்டேன்.

கேள்வி: டார்ச் பற்றவைத்த உடனே லேப்டாப் உறைந்துபோகிறது. யுஎஸ்பி கட் ஆகிறது. நான்காவது சாஃப்ட்வேர் மாற்றிவிட்டேன். ஐந்தாவதாக எதைப் போடலாம்? (மதுரை)

பதில்: எதையும் போட வேண்டாம். பிளாஸ்மாவுக்குக் கரண்ட் கொடுக்காமல் அதே ஜாபை ஓட்டிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. பிளாஸ்மாவின் மாடல் பெயரும் இல்லை. நான்கு சாஃப்ட்வேர் மாற்றப் பொறுமை இருந்த உங்களுக்கு, வாங்கும் முன் ஒரே கேள்வி கேட்கப் பொறுமை இல்லாமல் போனது எனக்கு வருத்தம்: “இது ஹெச்எஃப் ஸ்டார்ட்டா, ப்ளோபேக்கா?” மலிவான பிளாஸ்மாக்களில் பல, ஆயிரக்கணக்கான வோல்ட் ஹை-ஃப்ரீக்வென்சியை வீசி ஆர்க்கைப் பற்றவைக்கும். அந்த இரைச்சல் எல்லா ஒயரிலும் ஏறும். முதலில் விழுவது யுஎஸ்பிதான். ப்ளோபேக் வகையில் எலெக்ட்ரோடும் நாசிலும் தொட்டுக்கொண்டிருக்கும், காற்று தள்ளிப் பிரிக்கும்போது ஆர்க் பிறக்கும். அங்கே இந்தத் தொல்லை மிகக் குறைவு. கம்ப்யூட்டரோடு சேர்க்க வாங்குகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: எர்த் கிளாம்ப்பை மேசையில் இல்லாமல் வெட்டும் தகட்டிலேயே மாட்டுங்கள். மேசைச் சட்டத்துக்குத் தனி எர்த் ராடு அடியுங்கள். டார்ச் ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். சிக்னலுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். யுஎஸ்பியை விட்டு ஈதர்நெட் கன்ட்ரோலருக்கு மாறுங்கள். ஆர்க் வோல்டேஜை, அதைக் குறைத்துக் கொடுக்கும் டிவைடர் இல்லாமல் நேராக எந்தப் போர்டிலும் கொடுக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ‘டிஹெச்சி இன்புட் உண்டு’ என்று போட்டு ஆன்லைனில் மாக்-3 யுஎஸ்பி போர்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருச்சி)

பதில்: நான் வாங்கினேன். என் அண்ணன் மகன் பட்டறைக்கு, நானே பார்த்துப் பரிந்துரைத்து, 4,200 ரூபாய்க்கு. போர்டின் ஓரத்தில் டிஹெச்சி அப், டிஹெச்சி டவுன் என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒயரை மாட்டினோம், லைட்கூட எரிந்தது. டார்ச் அசையவில்லை. போர்டை மாக்-3-உடன் இணைக்கக் கூட வந்த ப்ளகின் என்ற துணை சாஃப்ட்வேரில் அந்த வேலையே எழுதப்படவில்லை என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இழந்த பிறகு தெரிந்தது. திருப்பி எடுக்கும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. ப்ளகினின் கையேட்டை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் டிஹெச்சி பற்றி ஒரு பக்கம் இல்லையென்றால் போர்டில் என்ன அச்சடித்திருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: 1 மி.மீ. ஷீட்டுக்கு வேகம் போதவில்லை. நிமிடத்துக்கு 3,750 மி.மீ.-க்கு மேல் போகாது என்கிறது. பால் ஸ்க்ரூ 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும்), பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் போர்ட்), மாக்-3 25 கிலோஹெர்ட்ஸ். சாஃப்ட்வேர் மாற்றணுமா? (ஓசூர்)

பதில்: எல்லா விவரத்தையும் எழுதியதற்கு நன்றி. மோட்டார் டிரைவரில் மைக்ரோஸ்டெப் 10 வைத்திருக்கிறீர்கள், அதாவது மோட்டாரின் ஒவ்வொரு ஸ்டெப்பும் பத்தாகப் பிரிகிறது. ஒரு சுற்றுக்கு 2,000 பல்ஸ், மில்லிமீட்டருக்கு 400. நொடிக்கு 25,000 பல்ஸ்தான் வெளியே வரும் என்றால் நொடிக்கு 62.5 மி.மீ., நிமிடத்துக்கு 3,750. மைக்ரோஸ்டெப்பை 4 ஆக்குங்கள், மில்லிமீட்டருக்கு 160. உச்சவரம்பு 9,375 ஆகிவிடும். மோட்டாரால் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவுக்கு இந்த நுணுக்கம் போதும், வெட்டின் அகலமே ஒன்றரை மில்லிமீட்டர் வருகிறது.

கேள்வி: போல்ட் ஓட்டை வட்டமாக வருவதில்லை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார். (கோவை)

பதில்: ஓட்டைக்கு வேகத்தை 60 சதவீதமாகக் குறையுங்கள். அந்த நேரம் டிஹெச்சி உயரத்தைத் தொடக்கூடாது. திசையும் முக்கியம்: வழக்கமான டார்ச்சில் காற்று சுழலும் விதத்தால் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேராக வெட்டும். வெளிக்கோட்டை கடிகாரச் சுற்றிலும் ஓட்டையை எதிர்ச்சுற்றிலும் வெட்டுங்கள். தகட்டின் கனத்தைவிடச் சின்ன ஓட்டைக்கு டிரில்லிங் மெஷின்தான்.

கேள்வி: பணம் இல்லை. நல்ல சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்குமா? பழைய கம்ப்யூட்டர் ஒன்று 5,000-க்கு வருகிறது, வாங்கட்டுமா? (தஞ்சாவூர், பாலிடெக்னிக் மாணவர்)

பதில்: கிடைக்கும். லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய நிறுவனத்தில் பிறந்தது, இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் 2.9 பதிப்போடு க்யூடி-பிளாஸ்மாசி என்ற பகுதி பிளாஸ்மாவுக்கென்றே வருகிறது. ஆன்டி-டைவ், ஓட்டைக்குத் தானாக 60 சதவீத வேகம், எல்லாம் அதில் உண்டு. தனி டிஹெச்சி பெட்டி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் அப், டவுன் சிக்னலை மோட் 2-ல் கொடுத்து ஓட்டலாம். ஈரோட்டுக்காரரும் இதைக் கவனிக்கவும். கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஒதுக்குங்கள், ஒரே நாளில் வராது. அர்டுயினோ என்ற சின்னப் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேரும் இலவசம்தான், ஆனால் அதில் டிஹெச்சி கிடையாது.

கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுக்கும் முன் லினக்ஸ்சிஎன்சியைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையிலேயே அதில் பூட் செய்து, கம்ப்யூட்டர் நேரம் தவறுகிறதா என்று அளக்கும் லேட்டன்சி டெஸ்ட்டைத் திறந்து, பக்கத்தில் ஒரு வீடியோவையும் ஓடவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ‘மேக்ஸ் ஜிட்டர்’ என்ற அதிகபட்சத் தவறு 20,000 நானோ செகண்டுக்குள் நின்றால் பேரலல் போர்ட்டிலேயே ஓட்டலாம். பல்ஸைத் தானே உண்டாக்கும் ஈதர்நெட் கார்டு பின்னால் வாங்கப் போகிறீர்கள் என்றால் அவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டாம். அந்த எண் ஒரு லட்சத்துக்கு மேல் எகிறினால் 5,000-ஐ வெளியே எடுக்காமல் அடுத்த கம்ப்யூட்டரைக் காட்டச் சொல்லுங்கள்.