மாடிக்குக் கால்வலூம், மாட்டுக் கொட்டகைக்கு ஜி.ஐ.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஷீட் கூரை போட வேண்டும். கொல்லையில் ஆறு மாடுகளுக்கு ஒரு கொட்டகையும் போடணும். இரண்டுக்கும் கால்வலூம் ஷீட்டே நல்லது என்கிறார் கடைக்காரர். ஜி.ஐ. ஷீட் வாங்கக் கூடாதா? 0.50 மி.மீ. தடிமன் இருந்தால் போதும்தானே?

பதில்: ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கால்வலூம் என்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது. மாடிக்கு அவர் சொல்வது சரி. கொட்டகைக்கு மட்டும் கால்வலூம் வேண்டாம்.

முதலில் தடிமன். 0.50 என்பது ஷீட்டின் கனம். அது காற்றுக்கும் ஆள் ஏறி நடப்பதற்கும் தாங்கும். துருவைத் தடுப்பது மேலே இருக்கும் பூச்சுதான், அதைக் கிராமில் கேட்க வேண்டும். ஜி.ஐ.யில் 120 என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். பக்கத்துக்கு எட்டு மைக்ரான்தான் வரும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 275 என்றால் சுமார் 19 மைக்ரான். உப்புக்காற்று கடுமையாக அடிக்கும் இடத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு நாலு மைக்ரானுக்கு மேலும் கரையக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் 120 பூச்சு எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கால்வலூம் பூச்சில் எடைக்கு 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான். அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த கலவை இது. அலுமினியம் எடை குறைந்த உலோகம், அதனால் 150 கிராமிலேயே பக்கத்துக்கு 20 மைக்ரான் கிடைத்துவிடுகிறது. பூச்சுக்குள் அலுமினியம் கிளைகிளையாக உறைந்திருக்கும், இடுக்குகளில் துத்தநாகம் நிற்கும். முதலில் அரிக்கப்படுவது அந்தத் துத்தநாகம்தான். அரித்துப்போன பொருளே இடுக்கை அடைத்துக்கொள்வதால் அப்புறம் அரிப்பு மெதுவாகிவிடும். கடலோரத்தில் இது ஜி.ஐ.யை நன்றாகவே முந்துவது இதனால்தான். மாடிக்கு ஏ.இசட். 150, அதாவது 150 கிராம் கால்வலூம் பூச்சு, மேலே கலர் கோட்டிங்கோடு வாங்குங்கள்.

கொட்டகையில் எதிரி வேறு. மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா காரத்தன்மை உள்ளது. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. ஷீட்டின் அடிப்பக்கத்தில் ஈரம் கோத்து, அதில் அம்மோனியா கரைந்து, மழைநீர் ஒருநாளும் கழுவாத இடத்திலேயே தங்கிவிடும். கால்நடை அடைத்து வைக்கும் கட்டடங்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் கால்வலூமுக்கு உத்தரவாதம் தருவதில்லை. கேட்டுப் பாருங்கள். 275 கிராம் ஜி.ஐ. ஷீட், அடிப்பக்கமும் பெயின்ட் அடித்தது, இதற்குப் பரவாயில்லை. அதையும் அம்மோனியா மெல்ல அரிக்கும். ஆகவே கூரை உச்சியில் காற்று வெளியேற வழி விடுங்கள், பக்கவாட்டைத் திறந்தே வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது மாட்டுக்கும் நல்லது.

சிமென்டும் காரம்தான். இதே காரணத்தால், ஈர சிமென்ட் கலவை கால்வலூம் மேல் படவே கூடாது. கைப்பிடிச் சுவரோடு ஷீட் சேரும் இடத்தில் கொத்தனார் கலவையை அப்பி அடைக்கத்தான் பார்ப்பார். விடாதீர்கள், அந்த இணைப்பை மூடும் ஃப்ளாஷிங் தகடு வைத்து சிலிக்கான் சீலன்ட் போடச் சொல்லுங்கள்.

நல்ல ஷீட்டை வாங்கி வேலையில் கெடுத்துவிடுவதை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கும். கட்டிங் மெஷினில் அறுத்தால் வெட்டிய ஓரத்தில் பூச்சு கருகிவிடும். பறக்கும் இரும்புப் பொடி ஷீட் மேல் ஒட்டி, ஒரே மழையில் துருப்புள்ளிகளாகும். கத்தரியில் வெட்டச் சொல்லுங்கள். துளை போட்ட பொடியை அன்று சாயங்காலமே பெருக்கித் தள்ளிவிட வேண்டும். ஸ்குரூவுக்கு ரப்பர் வாஷர் அவசியம். செம்புக் குழாயில் வடியும் ஏ.சி. தண்ணீர் ஷீட்டில் விழக் கூடாது, செம்பு கலந்த நீர் பூச்சைத் தின்றுவிடும்.

ஷீட் வந்து இறங்கியதும் அடுக்கி மூடி வைத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். இடுக்கில் ஈரம் புகுந்தால் ஜி.ஐ.யில் வெள்ளைப் பொடி பூக்கும், கால்வலூமில் கறுப்புக் கறை விழும்.

மாடிக் கூரை போட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள். மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்பக்கத்தில்தான் உப்பு படிந்து கிடக்கும், அங்கே பீச்சுங்கள்.