கிளானுக்கு எத்தனை பேர், வாருக்கு எத்தனை பேர்: டெல்டா பசங்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எல்லாம் கூட்டாக ஆடும் கேம்களைப் பற்றித்தான்: பெரும்பாலும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் (கிளான் என்றால் சேர்ந்து ஆடும் குழு; வார் என்றால் இரண்டு கிளான்கள் ஒருவர் பேஸை, அதாவது கட்டி வைத்த ஊரை, மற்றவர் தாக்கும் போர்), நடுவில் பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்), ஒருவர் மட்டும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (கம்ப்யூட்டர் கேம்). வேலைக்குப் போய்க்கொண்டு, படித்துக்கொண்டு, ராத்திரி ஒரு மணி நேரம் ஜாலிக்கு ஆடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டாப் ரேங்க் கனவு உள்ளவர்களுக்கு இதில் சரக்கு இல்லை.

கேள்வி (பாபநாசம்): அண்ணே, எங்க கிளானில் 47 பேர். 20 பேருக்கு வார் போட்டால் எட்டுப் பேர் ஒரு அட்டாக்கூட அடிப்பதில்லை. இன்னும் ஆள் சேர்த்தால் சரியாகுமா?

ஆகாது தம்பி. கிளானுக்கு வரம்பு 50 பேர், அதை நிரப்பிவிட்டால் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி எல்லா லீடருக்கும் ஒரு நினைப்பு வரும். பந்தியில் இலை போடுகிறவர் ஊரில் எத்தனை தலை என்று பார்க்கமாட்டார், உட்கார்ந்தவர்களை எண்ணித்தான் போடுவார். நீங்களும் போன மூன்று வாரில் இரண்டு அட்டாக்கையும் ஒழுங்காக அடித்தவர்கள் யார் யார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள், அதுதான் உங்கள் கிளானின் உண்மையான அளவு. 20 பேர் வார் என்றால் ஆளுக்கு இரண்டு வீதம் 40 அட்டாக். எட்டுப் பேர் வரவில்லை என்றால் 16 போச்சு. மிச்சம் 24 அட்டாக்கை வைத்துக்கொண்டு 20 பேஸையும் மூன்று ஸ்டார், அதாவது முழுசாக, அடிக்க வேண்டும், மொத்தமாக நாலு அட்டாக்குக்கு மேல் சொதப்பக் கூடாது. அதே ஆட்களில் பத்துப் பேரை எடுத்துப் பத்துக்குப் பத்து போட்டால், பத்து பேஸுக்கு 20 அட்டாக் கையில் இருக்கும்; முதலில் போனவர் 80 சதவீதத்தில் இரண்டு ஸ்டாரோடு நின்றாலும், அதே பேஸை அவர் ரீப்ளே பார்த்துவிட்டு இன்னொருவர் போய் முடித்துவிடலாம். தோற்றால்கூடக் கடைசி வரை அடித்துத் தோற்பீர்கள், அதில் யாருக்கும் யார் மேலும் கோபம் வராது.

மற்றவர்களைத் துரத்தச் சொல்லவில்லை. வார் விருப்பத்தைச் சிவப்பில் (சிவப்பு என்றால் வாருக்கு வரவில்லை, பச்சை என்றால் வருகிறேன்) வைத்துக்கொண்டு ட்ரூப்ஸ் டொனேட் பண்ணட்டும், அதாவது மற்றவர்களுக்குப் படைவீரர்களைக் கொடுக்கட்டும், கிளான் கேம்ஸ் என்ற கூட்டுச் சவால்களை ஆடட்டும். வாரில் இல்லாதவர்கள்கூடத் போருக்கு முந்தைய தயாரிப்பு நாளில் வார் கேஸ்டிலை (பேஸைக் காக்கும் துணைப்படை நிற்கும் கட்டடம்) நிரப்பிக் கொடுக்கலாம், அது பெரிய உதவி.

கேள்வி (மன்னார்குடி): 13 பேர் தயார். பத்தா, பதினைந்தா?

பத்து. பதினைந்து போட வேண்டுமென்றால் வர விருப்பமில்லாத இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும், அவர்கள் எப்படியும் அடிக்கப் போவதில்லை. வெளியே நிற்கும் மூன்று பேருக்கு அடுத்த வாரில் முதல் இடம் என்று வார் போடுவதற்கு முன்பே சாட்டில் பெயரோடு எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும். நன்றாக ஆடுகிறார் என்பதற்காக ஒரே ஆளை எல்லா வாரிலும் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், மற்றவர்கள் சத்தமில்லாமல் வேறு கிளானுக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி (திருவாரூர்): ஆள் எங்கே பிடிப்பது? முன்பு குளோபல் சாட்டில் கூவினால் நாலு பேர் வருவார்கள்.

குளோபல் சாட்டை 2019-லேயே எடுத்துவிட்டார்கள், இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் எப்படி? கேமிலேயே புது ஆள் தேடும் பட்டியல் இருக்கிறது, அழைப்பு அனுப்பலாம். ஆனால் அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் ட்ரூப்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் காணாமல் போவார்கள். நிலைத்து நிற்பது கிளானில் ஏற்கெனவே ஒருவருக்காவது தெரிந்த ஆள்தான். ஐடிஐ தோழன், மச்சான், பக்கத்துக் கடைப் பையன், இப்படி. அவன் வரவில்லை என்றால் போன் போட்டு "என்னடா ஆச்சு" என்று கேட்க ஒருத்தர் இருப்பார் அல்லவா, அதுதான் வித்தியாசம்.

சேர்வதற்கு முன் டவுன் ஹால் (பேஸின் முக்கியக் கட்டடம்) லெவலை, அதாவது எவ்வளவு வளர்ந்த ஆள் என்பதை, எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: எத்தனை மணிக்கு ஆடுவீர்கள், வாரத்தில் எந்த நாள் முடியாது, ஏன் பழைய கிளானை விட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பக்கம் திட்டாகவே பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கிளான் விவரத்திலும் "ஆக்டிவ் பிளேயர்ஸ் மட்டும்" என்று போடாமல் "வார இறுதியில் ஒரு வார், இரண்டு அட்டாக்கும் அடிக்க வேண்டும், முடியாவிட்டால் சிவப்பு வையுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்" என்று போடுங்கள். சேர்க்கையை அழைப்பு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். வார் நடக்கும்போது சேர்கிறவர் அந்த வாரில் அடிக்க முடியாது, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், அதனால் வார் முடிந்த அன்று இரண்டு மூன்று பேராகச் சேர்ப்பது நல்லது. ஒரே நாளில் பத்துப் பேர் வந்தால் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு தனி கோஷ்டி ஆகிவிடுவார்கள்.

கேள்வி (கூத்தாநல்லூர், இப்போது சிங்கப்பூர்): எங்களில் பாதிப் பேர் ஊரில், பாதிப் பேர் வெளிநாட்டில். எந்த நேரம் வார் ஆரம்பித்தாலும் யாராவது தூங்குகிறார்கள்.

இதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. வெள்ளி இரவு 9 மணிக்கு எதிரியைத் தேடினால், தயாரிப்பு கிட்டத்தட்ட ஒரு நாள், சனி இரவு போர் தொடங்கி 24 மணி நேரம் ஓடி ஞாயிறு இரவு முடியும். நிறையப் பேர் சனிக்கிழமை ஓய்வாக இருக்கும்போது தேட ஆரம்பிக்கிறார்கள், போர் திங்கட்கிழமைக்குள் போய் நிற்கிறது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், ஊரில் ஒன்பது என்றால் உங்களுக்குப் பதினொன்றரை. நீங்கள் எல்லாம் ஞாயிறு பகலிலேயே அடித்துவிடுங்கள். துபாய் ஒன்றரை மணி பின்னால், அங்கே 2022 முதல் சனி ஞாயிறு லீவு, அதனால் கடைசி நேர க்ளீனப்பை (விட்டுப்போன பேஸ்களை அடித்து முடிப்பதை) அவர்களிடம் விடலாம். சவூதி, குவைத்தில் வெள்ளி சனிதான் லீவு. ஞாயிறு டூட்டிக்குப் போகிறவரிடம் போய் "ஏன் அடிக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அவருக்குச் சனி இரவே முதல் அட்டாக்கைக் கொடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): ஒருத்தர் டவுன் ஹால் 16, மற்றவர்கள் 10, 11. எப்பவும் பெரிய எதிரி மாட்டுகிறது.

மாட்டத்தான் செய்யும். வாரில் வைத்த எல்லோருடைய பலத்தையும் பார்த்துத்தான் எதிரியைக் கொடுக்கிறது. அவரை வைத்தால் எதிரே அதே அளவில் ஒருவர் வருவார், அவர் பேஸை உங்களில் இன்னொருவர் தொட முடியாது. அவரை உட்கார வைத்துவிட்டு 10, 11 மட்டும் வைத்து ஐந்துக்கு ஐந்து ஒன்று ஆடிப் பாருங்கள். அவருக்கும் ஓய்வு, டொனேஷன் பார்த்துக்கொள்வார்.

கேள்வி (தஞ்சாவூர்): ப்ரோ, ஹாஸ்டலில் நாங்க ஐந்து பேர். பிஜிஎம்ஐ ஸ்குவாடில் நாலுதான். தினமும் சண்டை.

முதலில் செத்தவன் அடுத்த மேட்சில் வெளியே என்று விதி வைத்திருப்பீர்கள், சரியா? அதில் சுமாராக ஆடுபவனே தினமும் வெளியே உட்காருவான், ஒரு வாரத்தில் கேமையே அன்இன்ஸ்டால் பண்ணிவிடுவான். ரூமில் படுக்கை இருக்கும் வரிசையில் மேட்சுக்கு ஒருவர் மாறுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் மாற்றம் நிற்கக் கூடாது. இன்னும் நல்ல வழி, பக்கத்து ரூமில் மூன்று பேரைப் பிடித்து எட்டாக்குங்கள். டிடிஎம் (இரண்டு அணிகள் மோதும் டீம் டெத்மேட்ச்) நாலுக்கு நாலு, யாரும் வெளியே இல்லை. நல்லா ஆடும் இருவரை ஒரே பக்கம் போடாதீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): எத்தனை நாள் வராவிட்டால் கிக் பண்ணலாம்? ஒருத்தர் எங்க மாமா பையன், அவனைத் தூக்கினால் வீட்டில் பிரச்சினை.

நாள் கணக்கு மட்டும் பார்த்தால் நம் ஊருக்குச் சரிப்படாது. அறுவடை மெஷின் ஓட்டும் பையன் குறுவை அறுப்பிலும் தையில் சம்பா அறுப்பிலும் ராத்திரி பகலாக வயலில் நிற்பான், போனைத் தொடவே நேரம் இருக்காது. அது முடிந்ததும் மற்ற எல்லோரையும்விட அதிகமாக ஆடுவான். சொல்லிவிட்டுப் போனவனுக்கு இரண்டு மாதம்கூட இடம் வைத்திருக்கலாம், பச்சையில் வைத்துவிட்டு இரண்டு வாரில் அடிக்காதவனுக்குத்தான் ஒரு வார்னிங், அப்புறம் கிக். எல்டர்களும் (லீடர், கோ-லீடருக்கு அடுத்த பதவி) மெம்பர்களைத் தூக்க முடியும், அதனால் எல்டர் பதவியைப் பொங்கல் இனாம் மாதிரி எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மாமா பையனுக்கு ஒரு இரண்டாவது கிளான் ஆரம்பியுங்கள். வார் இல்லை, பேச்சும் டொனேஷனும் மட்டும். அங்கே கோ-லீடர் ஆக்கிவிடுங்கள், வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அண்ணா, நான் பெண் என்று தெரிந்ததும் சேர்ந்த அன்றே நம்பர் கேட்கிறார்கள். இரண்டு கிளான் மாறிவிட்டேன்.

நீங்கள் மாற வேண்டியதில்லைம்மா, கேட்டவனைத்தான் லீடர் தூக்கியிருக்க வேண்டும். லீடர்களுக்குச் சொல்கிறேன்: வாய்ஸ் போடு, நம்பர் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விவரத்திலேயே எழுதுங்கள், முதல் தடவையே தூக்குங்கள். எவ்வளவு நல்ல அட்டாக்கராக இருந்தாலும் சரி. சகோதரி, சேரும் முன் அந்தக் கிளானில் ஏற்கெனவே பெண்கள் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் எங்கள் கில்டில் (கிளான் மாதிரிக் குழு) வெள்ளி இரவு சில நாள் 14 பேர், சில நாள் 23 பேர். ரெய்டு (கூட்டமாகப் போய் பாஸ் என்ற பெரிய எதிரியை அடிப்பது) எப்படிப் பிரிப்பது?

பிரிக்கவே வேண்டாம். ஆரம்பத்தில் அந்த கேமின் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டும். 2007-ல் பர்னிங் க்ரூசேட் என்ற விரிவாக்கம் வந்தபோது 25, 10 என்று குறைத்தார்கள், 2014 முதல் நார்மல், ஹீரோயிக் என்ற கடினநிலைகளில் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் அதற்கேற்ப பாஸின் பலம் மாறும். 14 வந்தாலும் 23 வந்தாலும் கிளம்பிவிடலாம். டாங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) இரண்டு, ஹீலர் (மற்றவர் உயிரை ஏற்றுபவர்) சுமார் ஐந்து பேருக்கு ஒருவர். ஒரே ஹீலரை நம்பியிருந்தால் அவர் வராத அன்று எல்லோருக்கும் லீவு, எனவே டேமேஜ் ஆடும் இருவராவது ஹீலிங்கும் பழகி வைத்திருக்கட்டும். மித்திக் என்ற மிகக் கடினமான நிலை மட்டும் சரியாக 20 பேர், 23 பேர் உள்ள இடத்தில் மூன்று பேரை வெளியே நிறுத்தும். ஜாலி கில்டுக்கு அந்த வம்பு எதற்கு?

கேள்வி (வேதாரண்யம்): மழைக்காலத்தில் கரண்ட் போனால் பாதி அட்டாக் போகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வாரைப் பாதியாக்கிவிடுங்கள். போர் ஆரம்பித்த முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முதல் அட்டாக் என்று விதி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வாரே வேண்டாம். கஜாவுக்கு அப்புறம் உங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி (குத்தாலம்): கிளான் வார் லீக்குக்கு (பல கிளான்கள் மோதும் தொடர் போட்டி) 15 பேரா 30 பேரா?

15. ஏழு நாள், நாளுக்கு ஒரு அட்டாக், 30 பேர் ஏழு நாளும் வருவார்கள் என்று எந்த நம்பிக்கையில் போடுகிறீர்கள்? பதிவு செய்யும்போது இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு தினமும் 15 பேரை மாற்றி மாற்றி இறக்குங்கள். நாளைக்கு யார் உள்ளே என்பதை இரவு பத்து மணிக்குள் சாட்டில் போட்டுவிடுங்கள்.