மறுபடி நிற்கும் எம்.எல்.ஏ.வை எடைபோடுவது எப்படி?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இந்தத் தடவையும் நிற்கிறார். ஐந்து வருடமாக ஆளையே காணோம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாலமும் பள்ளிக் கட்டடமும் அவர் கொண்டுவந்ததுதான் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். சொத்து பல மடங்கு ஏறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வேறு சுற்றுகிறது. யார் பேச்சையும் நம்பாமல் நானே சரிபார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புதிதாக நிற்பவரைவிட இவரைச் சரிபார்ப்பது சுலபமும்கூட, ஏனென்றால் போன தேர்தலிலேயே இவர் தன் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார். படிவம் 26 என்ற அந்தப் பிரமாணப் பத்திரத்தை இப்போதும் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதியது, மனுத் தாக்கல் ஆனதும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் 'நோ யுவர் கேண்டிடேட்' செயலியிலும் வந்துவிடும். பழையது ஆணையத்தின் தளத்தில் அகப்படாவிட்டால் வேட்பாளர்களின் பத்திரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் 'மைநேதா' தளத்தில் தேடுங்கள்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மொத்த ரூபாயை ஒப்பிட வேண்டாம். வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் செய்வது அதைத்தான், பாதிக் குழப்பம் அங்கேதான் வருகிறது. மனைவி பெயரில் 800 கிராம் நகை என்று போன முறை எழுதியிருப்பார், இந்த முறையும் அதே 800 கிராம்தான் இருக்கும், ஆனால் தங்கம் விலை ஏறியதால் மதிப்பு மட்டும் எங்கேயோ போயிருக்கும். நிலத்துக்கும் இதே கதைதான், பரம்பரை நிலத்தின் பக்கத்தில் ஒரு புறவழிச்சாலை வந்தால் போதும். அதனால் கிராம், ஏக்கர், சதுர அடி, புல எண் (சர்வே நம்பர்) இவற்றை ஒப்பிடுங்கள். போன பத்திரத்தில் இல்லாத புல எண் ஏதாவது இதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் அது பரம்பரைச் சொத்தா, தானே வாங்கியதா, வாங்கியது என்றால் எந்தத் தேதியில், என்ன விலைக்கு என்று தனித்தனியாகக் கட்டங்கள் இருக்கும். போன தேர்தலுக்குப் பிந்தைய தேதி போட்டவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

அப்புறம் அதே படிவத்தில் கடைசி ஐந்து நிதியாண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் இருக்கும், கணவன் மனைவி இருவருக்கும். 2019ல் வந்த மாற்றம் இது. அதையும் கூட்டி, புதிதாக வாங்கியவற்றின் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். கடன் குறைந்திருந்தால் அந்தத் தொகையையும் வாங்கிய கணக்கில் சேர்க்க வேண்டும், கடன் அடைக்கவும் பணம் வேண்டுமல்லவா. விற்ற சொத்து இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள், பழைய பத்திரத்தில் இருந்து புதியதில் காணாமல் போனவை அவை. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பதால் வரிக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் இடைவெளி பெரிதாக இருந்தால், வாக்குக் கேட்டு வரும்போது நேராகவே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் வேட்பாளர் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

கையில் புல எண் இருப்பதால் இன்னொரு வேலையும் செய்யலாம். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் கட்டணம் இல்லை. கிராமமும் புல எண்ணும் கொடுத்தால் யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்று தெரிந்துவிடும், அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பும் அங்கேயே கிடைக்கும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. படிவத்தில் வேட்பாளர், மனைவி அல்லது கணவர், இந்துக் கூட்டுக் குடும்பம், அவரைச் சார்ந்து இருப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். தனியாகச் சம்பாதிக்கும் மகன், தம்பி, மைத்துனர் பெயரில் இருப்பது இதில் வராது.

வழக்குகளில் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், பிரிவைப் பாருங்கள். சாலை மறியல், தடையை மீறி ஆர்ப்பாட்டம் என்று எதிர்க்கட்சியில் இருந்தவர்மீது பத்துப் பதினைந்து வழக்குகள் இருப்பது சாதாரணம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகள் பெரும்பாலும் அந்த வகை. 307 கொலை முயற்சி, 420 மோசடி. இவை வேறு ரகம். 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், அதன் பிறகு பதிவான வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும், கொலை முயற்சி அங்கே 109. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்ற கட்டத்தையும் கட்டாயம் பாருங்கள். வழக்கு எண் இருந்தால் 'இ-கோர்ட்ஸ்' தளத்தில் இப்போதைய நிலை தெரியும்.

சரி, வேலை செய்தாரா என்ற கேள்விக்கு வருவோம். இங்கே நம் மக்கள் எம்.எல்.ஏ.விடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிடுகிறார்கள். தெருவிளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. அவை நடக்கவில்லை என்றால் இவர் அழுத்தம் கொடுத்திருக்கலாம், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இவரிடம் இல்லை. இவர் நேரடியாகப் பரிந்துரைத்துச் செலவாகும் பணம் ஒன்று உண்டு, அது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி, ஐந்து வருடத்துக்கு 15 கோடி. எந்தத் தெருவுக்கு, எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு, முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்ற பட்டியலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே போடுங்கள். பட்டியல் வந்ததும் நாலு இடத்துக்காவது நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கல்வெட்டில் இவர் பெயர் இருக்கும், பணம் எம்.பி. நிதியிலிருந்தோ வேறு திட்டத்திலிருந்தோ வந்திருக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். அப்போது உங்கள் தொகுதியில் யார் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் அந்தப் பத்தும் என்ன, எத்தனை நிறைவேறின என்று அதே தகவல் உரிமை மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒருவர் தன் தொகுதியின் தேவை என்று எதை நினைக்கிறார் என்பது அந்தத் தாளில் தெரிவதுபோல் மேடைப் பேச்சில் தெரியாது, என் மட்டில் இதுதான் மிக முக்கியமான ஆவணம்.

சட்டமன்றத்தில் பேசினாரா என்பதை அவை நடவடிக்கைக் குறிப்புகளில் பார்க்கலாம். எத்தனை கேள்வி என்று எண்ணுவதைவிட, "அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டு, "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்த பிறகு அதே விஷயத்தை அடுத்த கூட்டத்தொடரிலும் எழுப்பினாரா என்று பாருங்கள். விடாமல் கேட்டவர் உண்மையிலேயே தொகுதிக்காக உழைத்தவர். அமைச்சராக இருந்தவர் கேள்வி கேட்க முடியாது, அவரைத் துறையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். மசோதாக்களில் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகக்கூடும்.

வேட்பு மனு வாபஸுக்கான கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் சட்டப்படி குறைந்தது இரண்டு வாரம் இருக்கும். பத்திரங்களை ஒப்பிட அது தாராளம். ஒப்பிடும்போது ஒரு சொத்தையே மறைத்திருக்கிறார் என்று தெரிந்தால், ஆதாரத்தோடு எதிர்ப் பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்கலாம், அதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவார்கள். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சின்னப் பொருளையும் காட்டவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள், அது தேவையில்லை என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய சொத்தை மறைத்து அவர் ஜெயித்தும்விட்டால், தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் நீங்களே சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள். அந்தக் கெடு தாண்டினால் எவ்வளவு வலுவான ஆதாரமும் பயன்படாது, ஆகவே பதிவிறக்கிய இரண்டு பத்திரங்களையும் வில்லங்கத்தையும் அச்செடுத்துத் தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.