ஊர்க்கண் எல்லாம் உங்கள் கார் மேல்: கூச்ச சுபாவிக்கு ஒரு சூப்பர்கார் ஆலோசனை

கேள்வி: செகண்ட்ஹேண்டில் லம்போர்கினி ஹுராகான் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஓட்ட அருமையாக இருக்கிறது. ஆனால் வெளியே எடுத்தாலே வேடிக்கைக் கூட்டம். சிக்னலில் நின்றால் நாலு பக்கமும் செல்போன். ஹைவேயில் பக்கத்து லேனில் ஒட்டிக்கொண்டே வந்து வீடியோ எடுக்கிறார்கள். நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் யாரோ பானெட்டில் சாய்ந்து போஸ் கொடுக்கிறார். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே கை கால் ஓடாது. பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு விற்க வேண்டாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள்: பார்ப்பவர்களை நிறுத்த முடியாது. 1.92 மீட்டர் அகலம், இடுப்புக்குச் சற்று மேலே முடிந்துவிடும் உயரம், முதுகுக்குப் பின்னால் 5.2 லிட்டர் வி10 இன்ஜின். பார்க்க வேண்டும் என்றே வரைந்த வண்டி அது. உங்கள் கையில் இருப்பவை இரண்டு: எவ்வளவு சத்தம் போடுகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகிறது.

சத்தத்திலிருந்து தொடங்குவோம். காரைக் கண் பார்ப்பதற்கு முன்னால் காது பார்த்துவிடுகிறது. ஹுராகானில் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் உள்ள, ஓட்டும் முறையை மாற்றும் அனிமா பட்டனில் ஸ்ட்ராடா, ஸ்போர்ட், கோர்சா என்று மூன்று நிலைகள். ஊருக்குள் ஸ்ட்ராடாவை விட்டு நகர வேண்டாம். அதில் கியர் சீக்கிரமே மேலே ஏறிவிடும், இன்ஜின் தாழ்ந்த சுற்றிலேயே ஓடும், எக்ஸாஸ்ட்டின் உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வும் மூடியிருக்கும். ஸ்போர்ட்டுக்கு மாற்றினால் அந்த வால்வு திறந்துகொள்ளும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எக்ஸாஸ்ட் படபடவென்று வெடிச்சத்தம் போடும். அந்த ஒரு வெடிப்புக்கு அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஸ்ட்ராடாவிலும் காது அடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பழைய ஓனரை. இந்த வகைக் கார்களில் கம்பெனி எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை எக்ஸாஸ்ட் மாட்டுவது சகஜம். சிலவற்றில் வால்வே கிடையாது. சிலவற்றில் வால்வை எப்போதும் திறந்தே வைக்கும்படி ஒயரைப் பிடுங்கி விட்டிருப்பார்கள். காரை லிஃப்டில் ஏற்றி, எக்ஸாஸ்ட்டின் பின்பெட்டியில் (சைலன்சர்) கம்பெனி முத்திரை இருக்கிறதா, வால்வு மோட்டாருக்குக் கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பெட்டி கிடைக்குமா என்று விற்றவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பல பேர் பத்திரமாக மூலையில் போட்டு வைத்திருப்பார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமுகிறதே, அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக இன்ஜின் தானாகவே கூடுதல் சுற்றில் ஓடுகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சுற்று இறங்கும். இறங்கியதும் கிளம்பிவிடுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவதால் இன்ஜினுக்கு லாபமில்லை, அக்கம்பக்கத்தாரின் தூக்கம்தான் கெடும். ஆயில் சூடாகும் வரை 3000 சுற்றைத் தாண்டாமல் மெதுவாக ஓட்டினால் போதும்.

"ஒரு சவுண்டு விடுங்க" என்பவர்களுக்கு ஒரே பதில்: "இன்ஜின் இன்னும் சூடாகலைங்க, இப்ப ஏத்தினா கெட்டுப்போகும்." பாதி நேரம் இது பொய்தான். ஆனால் யாரையும் புண்படுத்தாத பொய், கார் பிரியர்கள் மதிக்கும் காரணமும்கூட. ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டிவிட்டால் கூட்டம் கலையாது. சத்தம் கேட்டு இன்னும் பத்துப் பேர் வருவார்கள், முதலில் கேட்டவர் "வீடியோ ஆன் பண்ணலை, இன்னொரு தடவை" என்பார்.

இனி ஹைவே. உண்மையான ஆபத்து இங்கேதான். மற்றதெல்லாம் வெறும் சங்கடம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. மூன்று நொடி செல்போன் திரையைப் பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமல் ஓட்டியதாகக் கணக்கு. கண் போன பக்கம் கையும் போகும் என்பது ஸ்டீயரிங்குக்கும் பொருந்தும்: உங்களையே பார்த்துக்கொண்டு வருபவரின் வண்டி அவரை அறியாமல் உங்கள் பக்கம் நகரும். அவர் படமெடுக்க வசதியாக நிற்கும் இடமோ உங்கள் பின்சக்கரத்துக்கு நேர் பக்கம். இன்ஜின் நடுவில் இருக்கும் கார்களில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாத மூலை அதுதான்.

இந்த நேரத்தில் கூச்ச சுபாவிகள் செய்வது ஆக்ஸிலரேட்டரை மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பது. அவர் துரத்துவார். எரிச்சலில் பிரேக் போடுவது அதைவிட மோசம். பின்னால் வருபவரும் செல்போனோடு வரலாம். செய்ய வேண்டியது: காலை மெல்ல எடுத்து, வேகத்தைப் பத்துப் பதினைந்து கி.மீ. குறைத்து, அவரை முன்னால் போகவிடுங்கள். பக்கவாட்டுப் படம் கிடைத்துவிட்டது, முன்பக்கமும் கிடைத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. அவரும் கூடவே வேகத்தைக் குறைத்தால் அடுத்து வரும் பிரிவுச் சாலையிலோ ஓய்விடத்திலோ இறங்கிவிடுங்கள். ஒரு காபி நேரத்தில் அவர் எங்கேயோ போயிருப்பார்.

ஒரு நுணுக்கம். இப்படி ஒருவர் பக்கத்தில் வரும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள கியர் பேடிலைத் தட்டிக் கியரைக் குறைக்காதீர்கள். நீங்கள் வேகத்தைக் குறைக்கத்தான் குறைத்திருப்பீர்கள். ஆனால் இன்ஜின் சுற்று எகிறும் அந்தச் சத்தம் பக்கத்து வண்டிக்காரருக்கு "வா பார்க்கலாம்" என்றுதான் கேட்கும். ரேஸுக்குக் கூப்பிட்டவருக்குச் சம்மதம் சொல்லிவிட்டீர்கள், உங்களுக்கே தெரியாமல். ஆட்டோமேட்டிக்கில் விட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டுக் குறைப்பதே நல்லது.

கண்ணாடிகளையும் ஒரு தடவை சரிசெய்து விடுங்கள். தலையை உங்கள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குச் சாய்த்து, அந்தப் பக்க மிரரில் உங்கள் காரின் உடம்பு ஓரமாய் ஒரு கோடு போலத் தெரியும் வரை வெளியே தள்ளுங்கள். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து மறுபக்க மிரரையும் அதேபோல. நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் காரே மிரரில் தெரியாது. முதல் நாள் விநோதமாக இருக்கும். ஆனால் ஒளிந்துகொண்டு வரும் பைக் தெரியும்.

சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரிகிற அளவு இடைவெளி விடுங்கள். தேவைப்பட்டால் ஒடித்து வெளியேற முடியும். நடைபாதையை ஒட்டிய லேனைவிட நடு லேன் நல்லது, நடந்து வருபவர்கள் நெருங்க மாட்டார்கள். கதவு லாக் ஆகியிருக்கட்டும். ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு நேரே முறைத்துக்கொண்டிருந்தால் திமிர் என்பார்கள். முழுக்க இறக்கினால் செல்போனோடு ஒரு கை உள்ளேயே வரும். நாலு விரல் இறக்கி, பார்த்தவருக்கு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். பச்சை விழுந்ததும் ஒரு நொடி பொறுத்து முன்மூலை இரண்டையும் பாருங்கள். தாழ்வான காரைத் தாழ்வாக உட்கார்ந்துதான் படமெடுப்பார்கள். பம்பருக்கு முன்னால் குத்தவைத்திருப்பவர் உங்கள் சீட்டிலிருந்து தெரியவே மாட்டார்.

பேச்சுக்கு வருவோம். வருகிற கேள்விகள் எங்கேயும் இவைதான்: விலை என்ன, எவ்வளவு ஸ்பீடு போகும், மைலேஜ் என்ன, நீங்கள் என்ன செய்கிறீர்கள். பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் கூச்சம் பாதியாகிவிடும். விலைக்கு: "வாங்கினப்புறம் கணக்குப் பார்க்கிறதையே விட்டுட்டேன்." மைலேஜுக்கு உண்மையையே சொல்லுங்கள், ஊருக்குள் லிட்டருக்கு ஐந்தாறு கி.மீ. என்றால் கேட்டவர் முகத்தில் பொறாமை போய்ப் பரிதாபம் வந்துவிடும். தொழிலை மட்டும் பொத்தாம்பொதுவாகச் சொல்லுங்கள். கம்பெனி பெயர், வீடு இருக்கும் தெரு, காரை நிறுத்தும் இடம் எதுவும் வாயில் வரக்கூடாது. அவர்கள் காரைத்தான் பார்க்கிறார்கள், உங்களை அல்ல. பேச்சைக் கார் பக்கம் திருப்பினால் இரண்டு நிமிடத்தில் திருப்தியாகக் கிளம்பிவிடுவார்கள்.

படம் எடுக்க வருபவரிடம் "தொடாதீங்க" என்று தொடங்கினால் சண்டையில் முடியும். "இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் வெளிச்சம் நல்லா விழுது" என்று நீங்களே ஓரடி தள்ளி நிற்க வைத்துவிடுங்கள். தடுத்த மாதிரியே இருக்காது. சாய்வதால் என்ன கெடும் என்றால், முன்மூடி மெல்லிய தகடு. உள்ளே சாமான் வைக்கும் குழிதான், தாங்க ஒன்றுமில்லை. ஒருவர் உட்கார்ந்தால் நசுங்கும். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பொத்தானும் பெயின்ட்டை உழும். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டாவிட்டால் ஒட்டிவிடுங்கள், 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அது, துணி உரசிய மெல்லிய கோடுகளை வெயில் சூட்டிலேயே ஆற்றிக்கொள்ளும், பக்கிள் கிழித்தால் ஆறாது. எல்லோரும் பானெட்டுக்கும் முன்பம்பருக்கும் ஒட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் சாய்வது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தோள்பகுதியில். அதற்கும் கதவடி வாசற்படிக்கும் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகள் ஏறி உட்காரக் கேட்டால் மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். பயணி சீட், இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் பாக்கெட்டில், நீங்கள் சில அடி தள்ளி. ஹுராகானில் ஸ்டார்ட் பட்டனுக்கு மேல் சிவப்பு மூடி ஒன்று இருக்கிறதே, எந்தக் குழந்தையின் விரலும் நேராக அங்கேதான் போகும். அதைவிட முக்கியம் பின்பக்கம். எக்ஸாஸ்ட் குழாய் குழந்தையின் கை எட்டும் உயரம்; வண்டி நின்று வெகுநேரம் ஆன பிறகும் தோல் உரியும் அளவு சூடு இருக்கும். கூட்டம் சேர்ந்தால் நீங்கள் நிற்க வேண்டிய இடம் கதவருகே அல்ல, காரின் பின்னால்.

நிறுத்துவதற்கு ஒரு பக்கம் சுவரோ தூணோ உள்ள கடைசி இடம் தேடுங்கள், கேமரா பார்வையில். வாசலுக்கு நேர் எதிரே இடம் கொடுத்தால் பெருமையாக இருக்கும், வேண்டாம். சரிவில் ஏறும் முன் மூக்கைத் தூக்கும் லிஃப்ட் வசதி இருந்தால் நின்று, பட்டனை அழுத்தி, சுமார் 40 மில்லிமீட்டர் தூக்கி முடியும் வரை காத்திருங்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவசரப்படும்போதுதான் பம்பரின் அடி தேய்கிறது. டேஷ்கேமில் பார்க்கிங் ரெக்கார்டிங் நல்லதுதான். ஆனால் கரன்ட் வெட்டும் அளவை 12.2 வோல்ட்டில் வைக்காவிட்டால் திரும்பி வரும்போது வீடியோ இருக்கும், பேட்டரி இருக்காது.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஒரே பக்கமாக நாலு திருப்பம் திரும்புங்கள். அப்படிச் சுற்றி வர யாருக்கும் வேறு காரணம் இருக்காது. இன்னும் பின்னால் இருந்தால் நேராகக் காவல் நிலையம், இல்லாவிட்டால் ஆளும் வெளிச்சமும் உள்ள பெட்ரோல் பங்க். காரில் ஒளித்து வைக்கும் ஏர்டேக் போன்ற டிராக்கர்களுக்கு 2024 முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே எச்சரிக்கை காட்டுகின்றன. அந்த எச்சரிக்கை வந்தால் சக்கர வளைவுகளின் உள்பக்கம், பம்பர் காற்றுத்துளைகள், பின் டிஃப்யூசரின் (பின்பம்பருக்குக் கீழே உள்ள காற்றுத்தடுப்பு) அடி என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நீங்களே போடும் படங்களில் நம்பர் பிளேட்டை மறைத்து, அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

கார் சந்திப்புகளுக்குப் போனால், உள்ளே போவதைவிட வெளியே வரும்போது கவனம். டயர் ஆறிப்போயிருக்கும், வாசலில் இரண்டு பக்கமும் கேமராக்கள், "போடு போடு" என்ற சத்தம். இந்த இடத்தில்தான் கார் கூட்டத்துக்குள் பாய்கிறது. ஸ்ட்ராடா, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன், நடை வேகம். கத்துபவர்கள் கத்தட்டும்.

கை கால் ஓடாமல் போவது பழக்கத்தில் போகும். விடுமுறை நாள் விடியற்காலையில் ஒரே வழியில் சில வாரம் ஓட்டுங்கள். அந்த வழி மக்களுக்கும் கார் பழகிவிடும். பளீர் மஞ்சள், ஆரஞ்சு என்றால் மேலே அடர்சாம்பல் ஃபிலிம் சுற்றலாம். பார்வைகள் கண்கூடாகக் குறையும். ஆறு மாதம் இதையெல்லாம் செய்தும் சாவியை எடுக்கும்போதே வயிற்றைப் பிசைந்தால் அப்போது விற்கலாம். வாங்க வேண்டிய கார் போர்ஷே 911 டர்போ எஸ். முதலில் வந்த ஹுராகான், எல்பி 610-4, 0-100 கி.மீ.க்கு எடுப்பது 3.2 நொடி. 2020இல் வந்த டர்போ எஸ் 2.7 நொடியில் முடித்துவிடும். சிக்னலில் நின்றால் பெரும்பாலும் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.