பின் பெஞ்சில இருந்து ஆர் பாக்குறது?

கடிதம்:

வணக்கம் அக்கா. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், வயசு 25. பேர் போட வேணாம். ஏ.டி.ஐ. எண்ட அரசாங்கத் தொழில்நுட்ப நிறுவனத்துல இங்கிலிஷ் எச்.என்.டி. டிப்ளோமா முடிச்சிட்டு ரெண்டு வருசமா ஒரு டியூட்டரில ஓ.எல். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். வெளிநாடு போய் இங்கிலிஷ் படிப்பிக்கணும் எண்டு ஆசை, மாலைதீவு இல்லாட்டி வியட்நாம், கொரியா. பேஸ்புக்ல இங்கிலிஷ் படிப்பிக்கப் பழக்குற ஒரு ஒன்லைன் கோர்ஸ் விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு, 120 மணித்தியாலம், 90 வீதம் கழிவு, இண்டைக்கு ராவோட முடியுது எண்டு போடுறாங்க, அடுத்த நாளும் அதே விலதான். என்னோட படிச்ச பிள்ளை ஒராள் நேரடியாப் போய் நாலு கிழமை செய்யுற கோர்ஸ்தான் சரி எண்டு சொல்றா, அதுக்கு லட்சக்கணக்குல காசு. அம்மா தன்ட மாலைய ஈடு வைக்கிறன் எண்டு நிக்கிறா, "உனக்கு எது சரியெண்டு படுதோ அதச் செய் மனே" எண்டுறா. எனக்கு ரெண்டுலயும் பயமா இருக்கு. எதச் செய்ய?

பதில்:

தங்கச்சி, முதல்ல அம்மாட மாலைய அவ கழுத்துலயே இருக்க விடுங்க. இந்த வருசம் அதுக்கு வேலை இல்ல, ஏனெண்டு கீழ சொல்றன்.

நான் ரெண்டு வழியாலயும் போய் வந்தவள். வந்தாறுமூலைக் கம்பஸ்ல டிகிரி முடிச்ச கையோட நானும் ஒரு ஒன்லைன் கோர்ஸ்தான் எடுத்தன். வாசிக்கிறது, கீழ நாலு விடைல ஒண்டத் தட்டுறது, பிழைச்சா திரும்பத் தட்டுறது, பத்து நாளுல 120 மணித்தியாலம் முடிஞ்சிது எண்டு சான்றிதழ் வந்திட்டு. இலக்கணம் கொஞ்சம் திருத்தமா விளங்கிச்சி, அத இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா அந்தப் பத்து நாளும் ஒரு பிள்ளைக்கு ஒரு வசனம் நான் படிப்பிக்கல்ல, நான் படிப்பிக்கிறத ஒராளும் பாக்கல்ல. மறுகா மாலைதீவுல ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிது, அங்க போய் நிண்டுதான் விளங்கிச்சி, நான் செய்யுறது எல்லாம் எனக்கு ஓ.எல்.ல இங்கிலிஷ் டீச்சர் செஞ்ச அதே வேலை, போட்ல எழுதுறது, கொப்பில பாத்தெழுதச் சொல்றது, விளங்கிச்சா எண்டு கேக்குறது, பிள்ளைகள் எல்லாரும் "யெஸ் மிஸ்" எண்டு கத்துறது, அடுத்த பாடத்துக்குப் போறது. ஒருத்தருக்கும் விளங்கல்ல எண்டு பரீட்சைப் பேப்பர் திருத்தக்கதான் தெரிய வந்திச்சி.

நாலு வருசம் சேத்த காசுல சென்னைக்குப் போய் செல்டா செஞ்சன். அது இங்கிலிஷ் படிப்பிக்கிறதுக்கு எண்டு கேம்பிரிட்ஜ் குடுக்கிற சான்றிதழ், 120 மணித்தியாலத்துக்குக் குறையாம படிப்பு, அதுல ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால நீங்க படிப்பிக்கணும், இன்னொரு ஆறு மணித்தியாலம் அனுபவப்பட்ட ஆசிரியர்மார் படிப்பிக்கிறதப் பாக்கணும், நாலு எழுத்து வேலை. இதே தரத்துல இருக்கிற மற்றது லண்டன் ட்ரினிடிக் கொலிஜ்ட செர்ட் டீசோல் சான்றிதழ், அதுலயும் ஆறு மணித்தியாலம் படிப்பிக்கணும், அதோட உங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாத ஒரு பாசைய நாலு மணித்தியாலம் மாணவரா இருந்து படிக்கவும் வைப்பாங்க, முதல் நாள் ஒண்டும் விளங்காம இருக்கிற பிள்ளைக்கு எப்பிடி இருக்கும் எண்டு நமக்குத் தெரியணும் எண்டதுக்காக. எனக்கு அது மிச்சம் பிடிச்ச ஏற்பாடு.

என்ட ரெண்டாவது பாடத்தக் கேளுங்க. பின்னால கடைசிக் கதிரைல பயிற்சி குடுக்கிற அம்மா ஒரு கடுதாசியோட இருந்தா. நாப்பது நிமிசம் முடிஞ்சி வெளிய வந்தா அந்தக் கடுதாசிய என்ட கைல தந்தா. அதுல வகுப்புல ஆர் எங்க இருந்தாங்க எண்டு சின்னச் சின்ன வட்டம், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்னட்ட இருந்து ஒரு கோடு. எல்லாக் கோடும் முன்னால இடக்கைப் பக்கம் இருந்த மூணு பேருக்குத்தான் போகுது. ஜன்னலோரம் இருந்த ரெண்டு பொம்புளைகளுக்கும் ஒரு கோடும் இல்ல. வட்டம் மட்டும். அவ ஒண்டுமே சொல்லல்ல. நான் அந்த வட்டம் ரெண்டையும் பாத்துக்கிட்டே நிண்டன், அந்தத் தீவுல நாலு வருசம் எத்தின பிள்ளைகள் இப்பிடி எனக்கு முன்னால கோடில்லாம இருந்திருக்கும் எண்டு நினைக்க எனக்கு அழுகை வந்திட்டு.

விளங்கிச்சா எண்டு கேக்குற பழக்கத்தையும் அங்கதான் விட்டன். "ஹி யூஸ்ட் டு வேர்க் இன் கத்தார்" (முந்திக் கத்தார்ல வேலை செஞ்சவர், இப்ப இல்ல) எண்டு படிப்பிச்சா, விளங்கிச்சா எண்டு கேக்கப்படாது, "முந்திக் கத்தார்ல வேலை செஞ்சாரா? இப்பவும் செய்யுறாரா?" எண்டு கேக்கணும். இப்பவும் எண்டதுக்கு பிள்ளை ஓம் எண்டு சொன்னா விளங்கல்ல, அவ்வளவுதான். கேக்கச் சின்ன விசயம், ஆனா வாசிச்சி மட்டும் வராது, ஒன்லைன் கோர்ஸ்லயும் இத நான் வாசிச்சி சரியான விடையத் தட்டினவள்தான்.

அதால, ஒன்லைனா நேரடியா எண்டத ரெண்டாவதாக் கேளுங்க. முதல்ல கேக்க வேண்டியது, நான் உண்மையான மாணவர்களுக்குப் படிப்பிப்பனா, அத ஒராள் இருந்து பாத்து எனக்குச் சொல்லுவாங்களா எண்டது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு செல்டாவையும் முழுக்க ஒன்லைன்ல செய்யலாம், சூம்ல மாணவர்கள் வருவாங்க, அதே ஆறு மணித்தியாலம், பாக்குற ஆளும் இருப்பாங்க. அது நல்ல படிப்பு, பேஸ்புக்ல வாறதோட அதச் சேக்க வேணாம். மட்டக்களப்புல வீட்ட இருந்தே செய்யலாம், தங்குற செலவு மிச்சம். ஆனா கரண்டும் நெட்டும் நம்பிக்கையா வேணும், பாடம் நடத்தக்க லைன் விழுந்தா கஷ்டம், லண்டன் பக்கத்து நிலையம் எண்டா நமக்கு நாலரை அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு, அவங்கட பின்னேர வகுப்பு நமக்கு ராவாகும். போட்ல எழுதுறது, பெஞ்சுக்கிடையால நடந்து போய் ஒவ்வொரு கொப்பாப் பாக்குறது, இதெல்லாம் சூம்ல வராது. நீங்க போய் நிக்கப் போறது வகுப்பறைல எண்டா, காசு இருந்தா நேரடியாச் செய்யுங்க எண்டுதான் நான் சொல்லுவன். கேம்பிரிட்ஜ்ட இணையத்துல எந்த ஊருல நிலையம் இருக்கு எண்டு தேடலாம்.

இப்ப மாலைட கதை. கொரியாவ மனசால விட்டிருங்க. அங்க இங்கிலிஷ் படிப்பிக்கிற விசா பொதுவா ஏழு நாட்டுப் பாஸ்போட்டுக்குத்தான், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, எந்தக் கோர்ஸ் செஞ்சாலும் அது மாறாது. இது அநியாயம் எண்டுதான் நான் நினைக்கிறன், ஆனா அது தெரியாம நீங்க காசு கட்டக் கூடாது. வியட்நாம், தாய்லாந்துல டிகிரி கேப்பாங்க, உங்கட எச்.என்.டி. டிப்ளோமா, அதோட நம்மளப் போல ஆக்கள் இங்கிலிஷ் பரீட்சைப் புள்ளியும் காட்ட வேண்டி வரும். மாலைதீவுப் பள்ளிக்கூடங்கள் பொதுவாப் பாக்குறது ஆசிரியர் தகைமையத்தான். செல்டா ஆரம்பத்துல பெரிய ஆக்களுக்குப் படிப்பிக்க எண்டு வந்தது, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எண்டு வந்ததில்ல.

எண்டபடியால முதல் டிகிரி. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்புல நிலையம் இருக்கு, டியூட்டரிய விடாமப் படிக்கலாம், உங்கட எச்.என்.டி.க்கு ஏதும் கழிச்சித் தருவாங்களா எண்டு நேர போய்க் கேளுங்க. அதுக்கிடையில ஒரு மலிவான ஒன்லைன் கோர்ஸ் எடுத்து இலக்கணம் வாசிக்க விருப்பமெண்டா வாசிங்க, ஒரு புத்தகம் வாங்கினன் எண்டு நினைச்சிக்கங்க. ஆனா அதுல "சர்வதேச அங்கீகாரம்" எண்டு இருக்கிறத நம்ப வேணாம், உலகம் முழுக்க இதப் பாக்குறதுக்கு எண்டு ஒரு தலைமை அமைப்பு இல்ல, சில இடத்துல விக்கிறவங்களே அங்கீகாரமும் குடுத்துக்குவாங்க. இங்கிலாந்துல தகைமைகள மேற்பார்வை செய்யுற ஒப்குவால் அமைப்புட பதிவேட்டுல தேடிப் பாருங்க, செல்டாவும் ட்ரினிடியும் அஞ்சாம் படில இருக்கும். மறுகா ஏஜென்சிக்காரன் ஆரும் வந்தா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல லைசன்ஸ் இருக்கா எண்டு பாக்காம பாஸ்போட்டக் கைல குடுக்க வேணாம்.

1814ல மெதடிஸ்த ஆக்கள் வந்து இங்கிலிஷ் பள்ளிக்கூடம் துவங்கின ஊர் நம்மட மட்டக்களப்பு. இங்க இருந்து நல்லாப் படிப்பிக்கிற ஒராள் வெளிநாடு போகக்க எனக்குச் சந்தோசம்தான்.

ஒண்டு செய்வம். சனிக்கிழமைல உங்கட டியூட்டரில வகுப்பு இருந்தா எழுதுங்க, நான் கல்லடில இருந்து பஸ்ஸுல வாறன். சேருட்ட மட்டும் ஒரு சொல்லுச் சொல்லி வைங்க. நீங்க வழக்கம் போலப் படிப்பிங்க, நான் கடைசிப் பெஞ்சில இருக்கிறன், கடுதாசியும் பேனையும் நானே கொண்டு வாறன்.